கதாநாயகியின் வினைச்சொற்கள்

என் முதல் முழுநீளத் திரைக்கதையின் மூன்றாவது வரைவைப் படித்த மூத்த படத்தொகுப்பாளர் ஒருவர் பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை; ஒரு வேலை கொடுத்தார். "உன் கதாநாயகி செய்கிற வினைகளை மட்டும் ஒரு தாளில் எழுது. அவள் கணவன் செய்கிறவற்றை இன்னொரு தாளில் எழுது. அதற்குப் பிறகு பேசலாம்" என்றார். அந்தத் திரைக்கதை பெண்ணியப் படைப்பு என்பதில் எனக்குத் துளியும் ஐயம் இல்லாத காலம் அது. அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன். அவளுடைய தாளில் இருந்தவை: பார்க்கிறாள், கேட்கிறாள், தலை குனிகிறாள், அழுகிறாள், காத்திருக்கிறாள், மௌனமாக நிற்கிறாள். அவனுடைய தாளில் இருந்தவை: திறக்கிறான், விற்கிறான், மறுக்கிறான், கையெழுத்திடுகிறான், கிளம்புகிறான், திரும்பி வருகிறான். 104 பக்கங்களில் அவள் ஒரு கதவைக்கூடத் தானாகத் திறக்கவில்லை. யாரோ திறந்துவைத்த கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தாள்.

அவள் மீது எனக்கு இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தைத்தான் பெண்ணியம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். குறும்படங்கள், ஆவணப்படங்கள், இரண்டு முழுநீளப் படங்கள் என்று பதினாறு ஆண்டுகள் சுயாதீனமாக வேலை செய்த பிறகும், ஒவ்வொரு வரைவை முடித்ததும் அந்த இரண்டு தாள்களையும் எழுதாமல் அடுத்த வரைவுக்குப் போவதில்லை. கதாநாயகி யாரையாவது அடிக்க வேண்டும், வசனம் பேசி வெல்ல வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. காத்திருப்பதும் ஒரு வினைதான். எதற்காக, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை அவளே தீர்மானித்திருக்கிறாளா என்பதுதான் கேள்வி.

பெக்டெல் சோதனையைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். அலிசன் பெக்டெல் 1985இல் தம் சித்திரத் தொடரில் பாதி வேடிக்கையாக எழுதியது அது. படத்தில் குறைந்தது இரண்டு பெண்கள் இருக்க வேண்டும், அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும், அந்தப் பேச்சு ஓர் ஆணைப் பற்றியதாக இல்லாமல் இருக்க வேண்டும். மேலே சொன்ன என் வரைவு இந்த மூன்றிலும் தேறியிருந்தது. ஆகவே அதைக் காய்ச்சல் பார்க்கும் கருவியைப் போலத்தான் வைத்திருக்கிறேன். காய்ச்சல் இருந்தால் காட்டும். எந்த நோய் என்று சொல்லாது. காய்ச்சல் இல்லாத நோய்களைக் கண்டுகொள்ளவும் செய்யாது.

திரைக்கதை எழுதத் தொடங்குபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது என்னுடைய பழைய வரைவில் இருக்கும் ஒரு காட்சியைத்தான். மூன்றாம் வரைவில் அது இப்படி இருந்தது: "வீடு. காலை. வசந்தா கண்ணாடி முன் நிற்கிறாள். பல ஆண்டுகளின் வலி அவள் கண்களில் தெரிகிறது. நேற்றிரவு நடந்ததை நினைத்து மனம் உடைந்து அழுகிறாள்." அதற்கு முந்தைய காட்சியில் கணவன் அவளை அடிப்பதை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். ஐந்தாம் வரைவில் அடிக்கும் காட்சியை முழுவதுமாக நீக்கிவிட்டேன், காலைக் காட்சி இப்படி ஆயிற்று: "வசந்தா சட்டைப் பித்தானை இடக்கையால் போட முயல்கிறாள். வலக்கை தோளுக்கு மேல் உயரவில்லை. மூன்றாவது பித்தான் துளையில் நுழைய மறுக்கிறது. ஏழு வயது மகள் கட்டிலிலிருந்து இறங்கி வந்து, எதுவும் கேட்காமல், மீதிப் பித்தான்களைப் போட்டுவிடுகிறாள். மேல் பித்தானுக்கு எட்டாததால் நாற்காலியை இழுத்துவருகிறாள். அவளுக்கு இது பழகிய வேலை."

"பல ஆண்டுகளின் வலி" என்பதைக் கேமராவால் எடுக்க முடியாது. நாற்காலியை இழுத்துவரும் குழந்தையை எடுக்க முடியும். அடியைக் காட்டுவதால் பார்வையாளர் அடிக்கிறவனையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் காட்சியின் வினைகளெல்லாம் அவனுடையவை. பித்தான் காட்சியில் வினைகள் தாயுடையவையும் மகளுடையவையும் ஆகிவிட்டன. "அவளுக்கு இது பழகிய வேலை" என்ற கடைசி வரிகூடக் கேமராவுக்குள் அடங்காததுதான், ஒப்புக்கொள்கிறேன். நடிக்கும் குழந்தைக்கும் ஒளிப்பதிவாளருக்கும் வேகம் தெரிய வேண்டும் என்பதற்காக அதை விட்டுவைத்தேன். விதிகளை இந்த அளவுக்கு மீறலாம் என்பது என் கணக்கு.

ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது துறையில் புழங்கும் கணக்கு. தயாரிப்புத் திட்டமிடும்போது பக்கத்தை எட்டுப் பாகங்களாகப் பிரித்து, ஒரு நாளில் எத்தனை பாகங்கள் எடுக்கலாம் என்று பார்ப்பார்கள். சிறு முதலீட்டில் படம் எடுப்பவர் இந்தக் கணக்கை எழுதும்போதே கற்றுக்கொள்வது நல்லது. "வீடு தீப்பற்றி எரிகிறது" என்ற வரி எட்டில் ஒரு பாகம்கூட இராது. அதை எடுக்க இரண்டு இரவுகள் வேண்டும். பித்தான் காட்சி முக்கால் பக்கம். இரண்டு மணி நேரத்தில் முடிந்தது.

அந்தக் காட்சியை எடுக்கும்போது வேறொரு பாடம் கிடைத்தது. ஒளிப்பதிவாளர் என்னைவிட ஒரு சாண் உயரம். தாங்கியில் கேமராவை ஏற்றி வைக்கும்போதெல்லாம் அது அவருடைய கண் மட்டத்திலேயே போய் நிற்கும். அது வழக்கம், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் முதல் நான்கு நாட்களின் ரஷ்ஷை, அதாவது தொகுக்காத படப்பதிவை, பார்த்தபோது படம் முழுவதும் யாரோ வசந்தாவை மேலிருந்து லேசாகக் குனிந்து பார்ப்பதுபோல் இருந்தது. ஐந்தாம் நாள் என் கண் உயரத்தை அளந்து, தாங்கியின் காலில் ஒரு துண்டு டேப்பை ஒட்டி, காரணம் இல்லாமல் இந்தக் குறிக்கு மேலே போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் மறுக்கவில்லை, "இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கலாம்தான்.

திரைக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் 'ஸ்கிரீன்' இதழில் எழுதிய கட்டுரை, திரையில் பெண் பார்க்கப்படுபவளாகவும் ஆண் பார்ப்பவனாகவும் அமைந்துபோவதைப் பேசுகிறது. அதை நான் கல்லூரிக் காலத்தில் படித்து, அடிக்கோடிட்டு, மேற்கோளும் காட்டியிருந்தேன். தாங்கியின் உயரத்துக்கும் அந்தக் கட்டுரைக்கும் உள்ள தொடர்பு மட்டும் எனக்கு உறைக்கவில்லை. அதே 1975இல் பெல்ஜிய இயக்குநர் ஷான்தால் ஆக்கர்மான் இருபத்தைந்து வயதைத் தொடும்போது 'ழான் டீல்மன்' படத்தை எடுத்தார். வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணின் மூன்று நாட்களை மூன்று மணி நேரத்துக்கும் மேலாக நகராத கேமராவால் பார்க்கும் படம். ஒளிப்பதிவாளர் பாபெட் மங்கோல்ட் உட்படக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். கேமரா தாழ்வாக நிற்பதற்குத் தம்முடைய உயரமும் ஒரு காரணம் என்று ஆக்கர்மான் சொல்லியிருக்கிறார். 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற பிரிட்டிஷ் திரை இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் விமர்சகர் வாக்கெடுப்பில் 2022இல் அந்தப் படம் முதலிடம் பெற்றது; ஒரு பெண் இயக்கிய படம் அங்கே முதலிடத்துக்கு வருவது அதுவே முதல்முறை. நாற்பத்தேழு ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்து நான் மகிழ்வதா வருந்துவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தராத செய்தி. முதல் படத்தின் இருபத்தோராம் நாள், இரவுப் படப்பிடிப்பு. வசந்தா உடைந்து அழும் ஒரே காட்சி அதுதான்; ஆகையால் அது மிகச் சரியாக வர வேண்டும் என்று எனக்கு வெறியே இருந்தது. ஏழாவது டேக் நன்றாக வந்துவிட்டது என்பது எனக்கும் தெரியும், ஒளிப்பதிவாளருக்கும் தெரியும். ஆனாலும் நிறுத்தவில்லை. பதினோராவது டேக்குக்கு முன்னால் அந்த இளம் நடிகையைத் தனியாக அழைத்துப் போய், ஒத்திகைக் காலத்தில் என்னை நம்பித் தன் வாழ்க்கையைப் பற்றிச் சொன்ன ஒரு செய்தியை அவளுக்கு நினைவூட்டினேன். கேமரா ஓடியது. அவள் அழுதாள், கட் சொன்ன பிறகும் அழுதாள். குழுவினர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அதிகாலையில் வண்டி ஏறும்போது அவள் சொன்னாள்: "அக்கா, நான் நடிச்சே அழுதிருப்பேன். அதை எடுக்கத்தான் நீங்க விடலை."

பள்ளியில் தன்வினை, பிறவினை என்று படித்திருக்கிறோம். அழுதாள் என்பது தன்வினை. அழவைத்தேன் என்பது பிறவினை. திரையில் கதாநாயகியின் வினைகளை எண்ணிக்கொண்டிருந்த நான், படப்பிடிப்புத் தளத்தில் என்னுடைய வினைகளை எண்ணவே இல்லை. வசந்தாவின் கணவன் செய்துகொண்டிருந்ததற்கும் அன்றிரவு நான் செய்ததற்கும் இலக்கணத்தில் வேறுபாடு இல்லை. தொகுப்பு மேசையில் கடைசியில் நின்றது ஏழாவது டேக்தான். பதினோராவதில் அவள் கண்கள் கதையைப் பார்க்கவில்லை, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்த படத்துக்கு அவளை அழைத்தேன், பணிவாக மறுத்துவிட்டாள். அவள் செய்தது சரி.

அதற்குப் பிறகு சில வழக்கங்களை எழுத்தில் வைத்திருக்கிறேன். ஒத்திகையில் நடிகர் தம்மைப் பற்றிச் சொல்லும் எதையும் அவர் அனுமதி இல்லாமல் தளத்தில் எடுத்துப் பேசக் கூடாது. கடினமான காட்சிக்கு அதிகபட்சம் எத்தனை டேக் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதைத் தாண்ட வேண்டுமானால் இயக்குநர்தான் நடிகரிடம் கேட்க வேண்டும், நடிகர் இயக்குநரிடம் கெஞ்சக் கூடாது. "போதும்" என்று நடிகர் சொல்வதற்கு என்னைத் தவிர வேறொருவர் தளத்தில் இருக்க வேண்டும். என் எதிரில் என்னிடமே சொல்வது எளிதன்று, சம்பளம் கொடுப்பவளும் அடுத்த வாய்ப்புக் கொடுப்பவளும் நானாக இருக்கையில். நெருக்கமான காட்சிகளில் எந்த அசைவு, எந்த ஆடை, எந்தச் சட்டகம் என்பதைச் சண்டைக் காட்சியைப் போல முன்கூட்டியே வகுத்து, எழுத்தில் ஒப்புதல் பெற்று, தேவையானவர்களை மட்டும் உள்ளே வைத்து எடுக்கிறோம். இதற்கெனப் பயிற்சி பெற்ற ஒருங்கிணைப்பாளர்கள் இப்போது இருக்கிறார்கள். 2018 வாக்கில் பெரிய தொலைக்காட்சித் தொடர்களில் அவர்களை அமர்த்துவது வழக்கமாகத் தொடங்கியது. அவ்வளவு பணம் இல்லாத படத்திலும் அந்த வேலையை யாராவது பொறுப்பேற்றுச் செய்யலாம்; அந்த யாராவது இயக்குநராக இருக்கக் கூடாது. மறுநாள் நிரலில் ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று எழுதுவோம் அல்லவா, அதே தாளில் யார் எத்தனை மணிக்கு, எந்த வண்டியில், யாருடன் திரும்பிப் போகிறார் என்ற பத்தியையும் சேர்த்தோம். அந்தப் பத்தியைச் சேர்த்த பிறகுதான் இரவுக் காட்சிகளை நான் எவ்வளவு அலட்சியமாக எழுதியிருந்தேன் என்பது தெரிந்தது; பதினொன்றில் நான்கைப் பகலுக்கு மாற்றினேன், கதைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒப்பந்தத்துக்கு வருகிறேன். இரண்டாவது திரைக்கதையை ஒரு தயாரிப்பு நிறுவனம் விரும்பியது. ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்திட்டேன். "நம்ம ஆளுங்கதானே" என்ற நம்பிக்கை. எத்தனை வரைவு எழுத வேண்டும் என்று அதில் இல்லை. உரிமை எவ்வளவு காலம் அவர்களிடம் இருக்கும் என்று இல்லை. தலைப்பு அட்டையில் என் பெயர் எப்படி வரும் என்று இல்லை. பணம், "வரைவு ஏற்கப்பட்ட பின்" என்று இருந்தது. ஆறு வரைவுகள் எழுதினேன், ஒன்றும் "ஏற்கப்படவில்லை". பிறகு ஒருநாள், திரைக்கதை வேறொருவரால் "மெருகூட்டப்பட்டிருப்பதாக"வும் என் பெயர் "கதை உதவி" என்ற இடத்தில் "பரிசீலிக்கப்படும்" என்றும் ஒரு மின்னஞ்சல் வந்தது. முழுக்கச் செயப்பாட்டு வினை. யார் மெருகூட்டினார், யார் பரிசீலிப்பார் என்று எங்கும் இல்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் வந்தால் அங்கே யாரோ ஒளிந்திருக்கிறார் என்று பொருள். இப்போது ஒப்பந்தங்களைப் படிக்கும்போது பென்சிலை எடுத்து ஒவ்வொரு செயப்பாட்டு வினைக்குப் பக்கத்திலும் "யாரால்?" என்று எழுதிவிடுகிறேன், எதிர்த்தரப்பு வழக்கறிஞர்களுக்கு என்னைப் பிடிக்காது.

நான் அன்று கேட்டிருக்க வேண்டியவை எல்லாமே எளிய செய்திகள். உரிமையை விற்பதற்குப் பதில் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் தருவது, அதாவது ஆப்ஷன்; அந்தக் காலம் முடிந்தும் படப்பிடிப்புத் தொடங்காவிட்டால் உரிமை தானாக எழுத்தாளரிடம் திரும்ப வேண்டும். சம்பளம் வரைவை ஒப்படைத்த நாளில் தர வேண்டும், பிடித்துப்போன நாளில் அல்ல. எத்தனை வரைவு, எத்தனை திருத்தச் சுற்று என்று எண் போட வேண்டும். பெயர் எந்த அட்டையில், தனியாகவா சேர்ந்தா என்பது எழுத்தில் வேண்டும். ஒரு கூட்டம் முடிந்ததும் "இன்று நாம் பேசிக்கொண்டவை இவை" என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவது, எதிரில் இருப்பவரைச் சந்தேகிப்பது அன்று, நம் நினைவுக்கு நாம் செய்யும் உதவி. வெறும் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு. ஆகையால் பத்துப் பேரிடம் வாயால் கதை சொல்வதற்கு முன் தேதியிட்ட பிரதி ஒன்று பதிவாகியிருப்பது நல்லது. படைப்பு விற்றுப்போன பின்னும் படைப்பாளி என்று உரிமை கோருவதற்கு எழுத்தாளருக்கு உரிமை உண்டு என்பது படைப்பாளர் உரிமைகளுக்கான பன்னாட்டுப் பெர்ன் உடன்படிக்கை 1928இல் ரோமில் திருத்தப்பட்டபோதே அதில் சேர்க்கப்பட்டுவிட்டது. எனக்கு அது தெரியவந்தது அந்த மின்னஞ்சலுக்குப் பிறகு.

பெயர் விடுபடுவது சின்ன விஷயம் என்று சொல்பவர்களுக்கு ஆலிஸ் கீயைப் பற்றிச் சொல்வேன். 1896இல், இருபத்து மூன்று வயதில், பிரான்சின் கோமோன் நிறுவனத்தில் செயலராக இருந்துகொண்டே தம் முதல் கதைப்படத்தை எடுத்தார். அலுவலக வேலை கெடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருக்குத் தரப்பட்ட நிபந்தனை. 1910இல் அமெரிக்காவில் சொந்தமாக சோலாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். படப்பிடிப்புக் கூடத்தில் 'இயல்பாக இருங்கள்' என்று எழுதி மாட்டியிருந்தார். அத்தனை செய்தும், தொடக்ககாலத் திரை வரலாறுகளில் அவருடைய படங்கள் வேறு ஆண்களின் பெயர்களில் ஏறின. முதிய வயதில் தம் படங்களைத் தேடி அலைந்து, 1968இல் இறந்தார். தமிழில் டி.பி. ராஜலட்சுமி 1936இல் 'மிஸ் கமலா'வை எழுதி, இயக்கி, தயாரித்தார்; அவரை முதல் பேசும் படத்தின் கதாநாயகியாக நினைவில் வைத்திருப்பவர்களில் எத்தனை பேர் இயக்குநராக நினைவில் வைத்திருக்கிறார்கள்? நடித்தது நிற்கிறது, இயக்கியது உதிர்ந்துவிடுகிறது.

பணம் பற்றி நேராகப் பேச நம்மில் பலருக்குக் கூச்சம். இந்தப் பதினாறு ஆண்டுகளில் என் வாடகையைக் கொடுத்தது என் படங்கள் அல்ல. துணைத்தலைப்பு (சப்டைட்டில்) எழுதுவது, பிறர் படங்களைத் தொகுப்பது, திரைக்கதை வகுப்பு எடுப்பது ஆகிய மூன்றும்தான். காலையில் இரண்டு மணி நேரம் எனக்கு, மிச்சம் வாடகைக்கு என்று பிரித்துக்கொண்டேன். துணைத்தலைப்பு வேலையை இழிவாக நினைத்த காலமும் உண்டு. பிறகு பார்த்தால், பார்ப்பவர் இரண்டு வரிக்குள் படித்து முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் வசனத்தின் கொழுப்பு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அதுதான் எனக்குக் கற்றுத்தந்தது.

மானிய விண்ணப்பம் தனி இலக்கிய வகை. ஒற்றை வரிச் சுருக்கம், ஒரு பக்கச் சுருக்கம், காட்சிவழி விவரணை, இயக்குநர் குறிப்பு, பட்ஜெட் என்று அதற்கு உறுப்புகள் உண்டு. தேர்வுக் குழுவில் இருந்து படித்த அனுபவத்தில் சொல்கிறேன்: இயக்குநர் குறிப்பில் "சமூகத்தில் பெண்கள் காலங்காலமாக" என்று தொடங்குபவை குவியல் குவியலாக வரும், "இந்தப் படத்தில் கணவனின் முகம் முதல் நாற்பது நிமிடங்களுக்குத் தெரியாது, ஏனென்றால்" என்று தொடங்குவது ஒன்று வரும். அந்த ஒன்றை எல்லாரும் நினைவில் வைத்திருப்பார்கள். பட்ஜெட்டில் நான் செய்த பெரும்பிழை, எழுத்துக்கும் இயக்கத்துக்கும் எதிரில் சுழியம் போட்டது. தியாகமாகத் தெரியும் என்று எண்ணினேன். கணக்குத் தெரியாதவள் என்றுதான் தெரிந்தது. எதிர்பாராச் செலவுக்குப் பத்து விழுக்காடு ஒதுக்குவது பரவலான வழக்கம், அதையும் விட்டிருந்தேன்.

சிறிய குழு ஏழ்மையின் அடையாளம் மட்டும் அன்று என்பதை அமெரிக்க நடிகை பார்பரா லோடனிடம் கற்றேன். 1970இல் அவர் எழுதி, இயக்கி, நடித்த ஒரே முழுநீளப் படமான 'வாண்டா', நான்கு பேர் அளவிலான குழுவோடு 16 மி.மீ. கேமராவில் எடுத்தது. உரிமையைக் கையில் வைத்திருப்பதைப் பிரெஞ்சு இயக்குநர் அனியெஸ் வர்தாவிடம் கற்றேன். முதல் படத்துக்காக 1954இல் சொந்தமாகச் சிறு நிறுவனம் தொடங்கினார். அதன் வழிவந்த நிறுவனம்தான் இன்றும் அவர் படங்களைப் பேணி, வெளியிட்டுவருகிறது. 2018இல் பிரான்சின் கான் திரைவிழாவின் படிகளில் 82 பெண்கள் நின்றபோது, அவரும் அங்கே இருந்தார். 1946 முதல் அதுவரை போட்டிப் பிரிவுக்குத் தேர்வான, பெண்கள் இயக்கிய படங்களின் எண்ணிக்கை அந்த 82. ஒரு படிக்கட்டில் நிற்க வைத்துவிடக்கூடிய எண்ணிக்கை.

படம் முடிந்த பின் வரும் வேலைகளைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. வசந்தா துணி மடிக்கும்போது பழைய திரைப்பாடல் ஒன்றை முணுமுணுப்பாள், இருபது நொடி. படப்பிடிப்பில் தானாக நேர்ந்தது, அழகாக இருந்தது, விட்டுவிட்டேன். விற்பனை முகவர் அனுப்பிய ஒப்படைப்புப் பட்டியலில் இசை உரிமைச் சான்று கேட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஒரு பாடலுக்கு இரண்டு உரிமைகள் உண்டு: மெட்டும் வரியும் ஒன்று, ஒலிப்பதிவு மற்றொன்று. பதிவு செய்யப்பட்ட பாட்டைப் பயன்படுத்த இரண்டும் வேண்டும்; நடிகை வாயால் முணுமுணுத்தாலும் முதல் உரிமை வேண்டும். கேட்ட தொகை எங்கள் ஒலிக்கலவைச் செலவைவிட அதிகம். உரையாடலும் துணியின் சலசலப்பும் முணுமுணுப்பும் ஒரே தடத்தில் இருந்ததால், பாட்டை மட்டும் உருவி எடுக்க முடியவில்லை. காட்சியின் ஒலியை முழுவதும் மறுபடி உருவாக்கி, நாங்களே கட்டிய ஒரு மெட்டை முணுமுணுக்கவைத்தோம். அந்த இடத்தில் நாங்கள் அரை நிமிடம் அறை அமைதியைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தது மட்டும் அன்று எங்களைக் காப்பாற்றியது. நடிப்பு முடிந்ததும் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி அந்த அரை நிமிடத்தைப் பதிவு செய்யும் ஒலிப்பதிவாளரைப் பார்த்துக் குழு சலித்துக்கொள்ளும், சலித்துக்கொள்ளட்டும்.

விழாக்களைப் பற்றி ஒன்று மட்டும். உலக முதல் திரையிடல் என்பது ஒருமுறைதான் செலவழிக்கக்கூடிய பணம். அழைத்த முதல் சிறு விழாவுக்கு ஆசையாகக் கொடுத்துவிட்டு, அதைக் கட்டாயமாகக் கேட்கும் விழாக்களின் கதவுகளை நானே மூடிக்கொண்டேன். எந்த ஆறு விழாக்கள், எந்த வரிசையில் என்று படத்தொகுப்பு முடிவதற்கு முன்பே எழுதிவைப்பது நலம். டிசிபி எனப்படும் திரையரங்குக்கான டிஜிட்டல் பிரதி, துணைத்தலைப்புக் கோப்பு, நல்ல நிழற்படங்கள் ஆகியவற்றையும் முன்பே தயாராக்கிவிட வேண்டும். படப்பிடிப்பு நாட்களில் நிழற்படம் எடுக்க ஆள் வைக்காததால், என் முதல் படத்துக்கு இன்றுவரை திரையிலிருந்து வெட்டியெடுத்த மங்கலான படங்கள்தான் அச்சாகின்றன.

"பெண்கள் படம்" என்ற பிரிவில் அடைக்கப்படுவது பற்றி என் கருத்து மாறிக்கொண்டே வந்திருக்கிறது. தொடக்கத்தில் கோபம் வந்தது; மார்ச் மாதத்தில் மட்டும் பேச அழைப்பு வரும், ஆண் இயக்குநரிடம் லென்ஸைப் பற்றிக் கேட்டவர் என்னிடம் குடும்பத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்பார். ஆனால் நியூயார்க்கில் 1972 முதல் இயங்கும், பெண்களின் படங்களை விநியோகிக்கும் 'விமன் மேக் மூவீஸ்' அமைப்பு, பிரான்சில் 1979இல் தொடங்கிய கிரெத்தேய் பெண்கள் திரைவிழா போன்றவை இல்லாதிருந்தால் நான் கற்ற படங்களில் பாதி என் கண்ணுக்கே வந்திராது. ஆகவே அந்த அறைக்குள் மகிழ்ச்சியோடு போகிறேன்; அங்கே போனதும் லென்ஸைப் பற்றிப் பேசுகிறேன்.

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் மூன்றாவது படத்தின் பட்ஜெட்டில், போக்குவரத்துக்கும் கருவி வாடகைக்கும் இடையில் "குழந்தைப் பராமரிப்பு" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். குழுவில் மூன்று பேருக்குச் சிறு குழந்தைகள், ஒருவர் ஆண். நிதி வழங்கும் அமைப்பு அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, "இது படத்துக்கு இன்றியமையாததா என்று தெளிவுபடுத்தப்பட வேண்டும்" எனத் திருப்பி அனுப்பியிருந்தது. யாரால் என்று பென்சிலால் எழுதினேன். பிறகு, முப்பத்திரண்டு படப்பிடிப்பு நாட்கள், நாளுக்குப் பதினோரு மணி நேரம், ஒளிப்பதிவு உதவியாளர், காட்சிகளின் தொடர்ச்சி (கன்டினியூட்டி) பார்ப்பவர், கலை இயக்குநர் ஆகிய மூவரும் இல்லாவிட்டால் எந்தெந்தக் காட்சிகளை எடுக்க முடியாது என்பதைக் காட்சி எண்களோடு பட்டியலிட்டு அனுப்பினேன். ஜெனரேட்டர் வாடகைக்கு யாரும் கேள்விக்குறி போடவில்லை என்பதையும் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். ஐந்து வாரங்கள் ஆகின்றன, பதில் வரவில்லை. அந்த வரியை எடுக்காமல்தான் அடுத்த வரைவு பட்ஜெட்டையும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.